எந்தப் படம்?

ஆவடி, அம்பத்தூர் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ஜுல்ஃபிகர் பாயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "கீபோர்டு பாயா? கேசட்ல இருக்கிற மாதிரியே வாசிப்பாரே" என்பார்கள். எங்கள் மெல்லிசைத் தொழிலில் அதற்கு மேல் பாராட்டே கிடையாது. ரெக்கார்டிங்கில் வயலின்காரர் லேசாகத் தடுமாறியிருந்தால் பாயும் அதே இடத்தில் தடுமாறுவார். நான் துலுக்கானம். இத்தனை வருஷமாக அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தபேலா வாசிக்கிறவன்.

போன ரம்ஜானுக்கு முன்னால் அவர் மனைவி வஹீதுன்னிசா காலமானார். சிறுநீரகக் கோளாறு. பூந்தமல்லியில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். பாய் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அழுதுவிட்டால் ஆறிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மனுஷன் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறமும் அப்படித்தான். சோறு போட்டால் தின்றார். கச்சேரிக்குக் கூப்பிட்டால் வந்தார், ஸ்விட்சைப் போட்டால் ஓடுகிற மிக்ஸி மாதிரி வாசித்தார், போனார். ஒரு சுருதி பிசகவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் கச்சேரி முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது அவரே வாயைத் திறந்தார்.

"மய்யத்த தூக்கறப்போ நான் இன்னா சொன்னேன் தெரியுமா மாமே? 'என்னத் தனியா வுட்டுட்டுப் போயிட்டியே'ன்னேன். சொல்றப்பவே தெரியுது, ஏதோ படத்துல வந்த வசனம். குரல்கூட அந்த ஹீரோ மாதிரியே வந்துச்சு. அத்தோட வாய மூடிகினேன். அவளுக்குன்னு சொல்ல எங்கிட்ட சொந்தமா ஒரு வார்த்த இல்லடா. எனக்குள்ள எதுனா கீதா, இல்ல மொத்தமும் காப்பிதானா?"

"கண்டதையும் யோசிக்காத பாய், துன்னு" என்றேன்.

அடுத்த வாரமே மேனாம்பேட்டில் ஒரு வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பார்ட்டி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு. நடத்துகிற விக்ரம் ஐ.டி. கம்பெனிக்காரர். பாட்டு எதையும் பார்த்து வாசிக்காமல், அந்த நேரத்தில் மனசில் தோன்றுவதை வாசிக்கச் சொல்லித் தருவாராம். அதுவும் ஆரம்பநிலை வகுப்பு! முக்கால்வாசி பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊரே உங்கிட்ட கத்துக்கணும், நீ பசங்களோட போய் குந்தப் போறியா?"

"தனியாப் போக வெக்கமா கீது மாமே. நீயும் வா" என்றார். தலையெழுத்து, தபேலாவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

விக்ரம் நல்ல பிள்ளை. "சார், இந்த அஞ்சு ஸ்வரம் போதும். அண்ணா தாளம் போடுவாரு. தோணுறத வாசிங்க, இதுல தப்பே கிடையாது" என்றார். பிள்ளைகள் வாய்க்கு வந்தபடி உளறுவது போலக் கீபோர்டுக் கட்டைகளைத் தட்டிச் சிரித்தார்கள். பாயின் விரல்கள் கட்டை மேல் வைத்தது வைத்தபடி கிடந்தன. நான் தாளம் போட்டுப் போட்டு ஓய்ந்தேன். அன்று முழுக்க ஒரு ஸ்வரம் வரவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் வந்தது. ஆனால் எதைத் தொட்டாலும் ஒரு சினிமாப் பாட்டில் போய் முடிந்தது. பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துக் கூடவே பாடுவார்கள், கை தட்டுவார்கள். பாய் சூடு பட்டதுபோலக் கையை எடுத்துக்கொள்வார். "தெரிஞ்ச பாட்டு வருதுன்னு தோணினா அங்கயே வேற பக்கம் திரும்பிடுங்க சார்" என்று விக்ரம் சொல்லிக்கொடுத்தார். பாய் திரும்பினார், நின்றார், மறுபடி திரும்பினார். கேட்கச் சகிக்கவில்லை, சத்தியமாக.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மெட்டு வந்தது. மெதுவாக மேலே ஏறி, ஒரு ஸ்வரத்தில் நின்று, இறங்க மனமில்லாமல் பாதியில் விட்டு, திரும்பவும் அந்த ஸ்வரத்தையே கேட்டது. எனக்கு எந்தப் பாட்டும் ஞாபகம் வரவில்லை. ஹாலில் ஒருவரும் கூடப் பாடவில்லை. என் கை தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அடடா, பாய்!

வாசித்து முடித்ததும், மகளைக் கூட்டிப்போக வந்த சபீனா என்ற அம்மாள் கதவோரம் நின்று, "சூப்பர்ணா! எந்தப் படம்?" என்றார்.

நல்ல மனசோடுதான் கேட்டார். நம் ஊரில் ஒரு மெட்டு காதில் விழுந்தால் வேறு கேள்வி உண்டா? ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று எனக்கு வந்தது கோபம். பாயின் முகம் தொங்கிவிட்டது. "தெர்லமா. ஏதோ பழைய படம்" என்றார். இது உங்களுடையதுதான் சார் என்று விக்ரம் எவ்வளவோ சொன்னார். பாய் காதில் ஏறவில்லை.

தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தோம். "எங்கியோ கேட்டதுதாண்டா. நம்மகிட்டேர்ந்து இதெல்லாம் வருமா? கண்டுபுடிச்சிர்றேன் பாரு" என்று போனை எடுத்தார். மெட்டை முணுமுணுத்தால் பாட்டைச் சொல்கிற வசதி அதில் இருக்கிறது. முதலில் சோதனைக்கு என்னைப் பாடச் சொன்னார். என் கழுதைக் குரலுக்கே சட்டென்று பாட்டு, படம், வருஷம் எல்லாம் வந்து விழுந்தது.

பிறகு பாய் கண்ணை மூடிக்கொண்டு தன் மெட்டை முணுமுணுத்தார். போன் யோசித்தது. எதுவும் கிடைக்கவில்லை என்றது. இன்னொரு தரம் நிறுத்தி நிதானமாக முணுமுணுத்தார். கிடைக்கவில்லை. வேறு சுருதியில் பாடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"எதுலயும் இல்லியாம் மாமே" என்றார்.

போனை மடியில் வைத்தார். அப்புறம் அழ ஆரம்பித்தார். வாய் கோணி, மூக்கு ஒழுகி, என்னென்னவோ சத்தம் வர, பார்க்கச் சகிக்காத அழுகை. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, பாய்க்கு இன்னா ஆச்சு?"

"அவரு சம்சாரம் எறந்துட்டாங்கபா."

"அய்யய்யோ. எப்போ?"

"இப்பதான்" என்றேன்.