எடுத்தீகள்ல, வச்சீகளா?

"எடுத்தீகள்ல, வச்சீகளா?" என்று வீரபாண்டியன் திரையைப் பார்த்துக் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் பிரேசிலிலோ போலந்திலோ இருப்பார். அதனால் அதே கேள்வியை ஒழுங்கான ஆங்கிலத்தில் தட்டி அனுப்பிவிட்டு அடுத்ததைத் திறக்கிறார்.

காரைக்குடி வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அவர் பார்க்கும் வேலை இதுதான். கணினியின் இயங்குதளம் ஒரு காரியத்தைத் தொடங்கும்போது கொஞ்சம் நினைவகத்தையோ ஏதாவது ஒரு கருவியையோ எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். காரியம் பாதியில் கெட்டுப்போனால் வைக்க மறந்துவிடும். அப்படி மறந்தவை சேர்ந்து சேர்ந்து ஒருநாள் கணினி மூச்சு முட்டி நின்றுபோகும். நிரலில் அப்படி மறந்த இடங்களைக் கண்டுபிடித்து ஊர் உலகத்தார் இரண்டு வரி, மூன்று வரித் திருத்தங்களாக அனுப்புகிறார்கள். அவற்றைப் படித்து, சேர்க்கலாமா கூடாதா என்று சொல்பவர் இவர்.

வேலை ஆளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்யாண மண்டபத்தில் ஆளில்லாத பக்கம் சுற்றும் மின்விசிறியை எழுந்து போய் நிறுத்துவார். டீ குடித்த கிளாஸை மாஸ்டர் கையில் கொடுத்தால்தான் அவருக்கு நிம்மதி. மனைவி மாரீஸ்வரிக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. "ஊர்ல உள்ளவுக எடுத்ததயெல்லாம் வைக்கச் சொல்றீக. குளிச்ச துண்ட மட்டும் கட்டில்லயே போட்டுட்டுப் போறீக."

ஆனால் மறதிக்காரர்களைவிட அவசரக்காரர்களிடம்தான் அவருக்குப் பயம். ஒரு பொருளை இரண்டு பேர் வைத்திருக்கும்போது, ஒருவர் தன் வேலை முடிந்ததென்று அதைத் திருப்பி வைத்துவிட்டால் மற்றவர் கதி அதோகதி. அண்மையில் ஒருவர் அப்படியொரு திருத்தம் அனுப்பினார். "அங்குட்டு இன்னொருத்தரு புழங்கிக்கிட்டு இருக்காருல்ல? அவரும் விட்ட பெறகுதானய்யா வைக்கணும்!" என்று தனக்குத்தானே சத்தம் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

வாசலில் நின்ற நீல ஸ்கூட்டிக்கும் இதே நியாயம்தான். அது கணவனோடு ஜெர்மனிக்கு வேலைக்குப் போன மகள் சினேகாவின் வண்டி. ஞாயிறுதோறும் துடைத்து, குன்றக்குடிச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி வருவார். மகள் வைத்த கோணத்திலிருந்து கண்ணாடியைத் திருப்ப மாட்டார். அதில் அவருக்குத் தெரிவதெல்லாம் தன் தோள்பட்டை மட்டும்தான். வண்டியைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "இன்னும் ஆளு வச்சிருக்கு."

போன வாரம் மகள் போனில் அழைத்தாள். "அப்பா, நாங்க இங்கயே வீடு பாத்துட்டோம். அந்த ஸ்கூட்டிய இன்னுமா வச்சிருக்கீக? முத்தழகுக்குக் குடுத்துருங்க. லீவுக்கு வந்தாலும் நான் அத ஓட்டவா போறேன்?"

'இருக்கட்டும்ப்பா, வந்து ஓட்டுறேன்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை ஞாயிறும் அவர் அந்த வண்டியைத் துடைத்தார். அது வரவில்லை. வைத்திருந்த ஆளே விட்டுவிட்டாள். இனி மறுக்க அவர் சட்டத்திலேயே இடமில்லை. "சரிம்மா" என்றார்.

முத்தழகு, மாரீஸ்வரியின் அண்ணன் மகள். சாக்கோட்டைப் பள்ளியில் வேலை கிடைத்து, ஒக்கூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் அலுத்தவள். சனிக்கிழமை காலை வந்துவிட்டாள். வீரபாண்டியன் டயருக்குக் காற்றடித்து, பெட்ரோல் நிரப்பி, துடைத்து வைத்திருந்தார். ஏறி உட்கார்ந்ததும் அவள் முதல் வேலையாகக் கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். அவர் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"மாமா, இன்னொரு சாவி இருக்குமே, வச்சிருக்கீகளா?"

"ஒன்னுதான் தாயி."

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு உள்ளே வந்து அடுத்த திருத்தத்தைத் திறந்தார். "எடுத்தீகள்ல..." என்று தொடங்கியவர் மீதியைக் கேட்கவில்லை. இடது கை சட்டைப்பைக்குள் போய் அங்கிருந்த இன்னொரு சாவியைப் பிடித்துக்கொண்டது.