குட்டிக்குப் பூசிய கொலோன்

கொட்டாஞ்சேனையில் ஆடு வளர்த்தால் அரைவாசி நாள் ஆட்டுக்கும் அரைவாசி நாள் அயலவருக்கும் போய்விடும். நிரோஷா இரண்டையும் முகம் சுளிக்காமல் செய்கிறவள். விடியுமுன்னே கொட்டிலைக் கூட்டி, புழுக்கையை அள்ளிக் கட்டி, வாசலை ஒட்டிய குறுகலான ஒழுங்கை வரைக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாள். பக்கத்து வீட்டுச் சீனியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வருமுன் இதெல்லாம் முடிய வேண்டும். பிறகு சந்தைக்குப் போய், மரக்கறிக் கடைக்காரர்கள் கழித்துப் போட்ட கோவா இலைகளை வாரிக்கொண்டு வருவாள்.

அன்றைக்கு வேலையெல்லாம் தலைகீழாயிற்று. விடியற்காலையில் செம்பி குட்டி போட்டது. செப்பு நிற ஆடு என்பதால் செம்பி. இதற்கு முன் போட்ட குட்டிகள் எல்லாம் செத்தே பிறந்தவை. இது மட்டும் சாக்கின் மேல் விழுந்து, தலையை உதறி, மே என்று கத்தியது. நிரோஷா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து மாரியம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு குட்டியைப் புருஷன் சாந்தகுமாரிடம் ஒப்படைத்துவிட்டு, மற்ற ஆடுகளுக்குத் தீனி தேடிச் சந்தைக்குப் போனாள். அதுதான் பிசகாய்ப் போயிற்று.

சாந்தகுமார் திரீவீல் ஓட்டுகிறவர். சுத்தம் என்றால் உயிர். தன் பிள்ளைகள் எல்லோரையும் பிறந்ததிலிருந்து தானே குளிப்பாட்டியதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கை சும்மா இருக்குமா? குட்டியைச் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினார். துவாயால் துவட்டிச் சாம்பிராணி காட்டினார். உச்சந்தலையில் பேபி கொலோன் பூசி, பவுடரும் போட்டார். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்காததுதான் குறை. ஈரச் சாக்கைச் சுருட்டிக் குப்பைப் பையில் கட்டி வெளியே வைத்தார்.

நிரோஷா திரும்பி வந்தபோது, குட்டி மடியைத் தேடித் தேடிப் போக, செம்பி மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் குட்டியைத் தூக்கினாள். கொலோன் கமகமவென்று வீசியது.

"என்னங்க பூசினீங்க இதுக்கு?"

"கொலோன்தான். பச்சப் புள்ளதானே?"

"ஆட்டுப் புள்ளங்க! தாய் மோந்து பாத்துத்தானே தன் புள்ளய அறியும்? அந்த வாசத்தையே கழுவிட்டீங்களே!"

அவர் முகம் செத்துப்போயிற்று. "நானே கொன்னுட்டேனா?" என்றார். அவள் அவரைத் திட்டுவதை விட்டுச் சட்டியை எடுத்தாள்.

கறந்து போத்தலில் புகட்டலாம் என்று பார்த்தாள். செம்பி ஒரே உதையில் சட்டியைக் கவிழ்த்தது. குட்டியை வெறும் தண்ணீரில் கழுவிப் பார்த்தாள். அப்போதும் முட்டியது. குட்டியின் கால்கள் நடுங்கத் தொடங்கிவிட்டன. சீம்பால் உள்ளே போகாவிட்டால் பொழுது சாயுமுன் அது சுருண்டு விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"குட்டி விழுந்த அந்தச் சாக்கு எங்க?"

"குப்பையில..." என்று அவர் சொல்லும்போதே, ஒழுங்கை முனையில் குப்பை லொறி உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

நிரோஷா செருப்பில்லாமல் ஓடினாள். "அய்யே! அய்யே!" என்று சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தியபடி லொறியின் பின்தகட்டைத் தட்டினாள். மேலே நின்ற நரைத்த மீசைக்காரர் பதறிவிட்டார்.

"மொகத நங்கி, ரத்தரங் த?" என்ன தங்கச்சி, தங்கம் தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

"நே அய்யே, கோனியக்!" சாக்குதான் என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அழுகிறாள் என்று கண்டதும், மேலே ஒன்றும் கேட்காமல் குனிந்து ஒவ்வொரு பையாக அவிழ்த்தார். நாறும் சாக்கு வந்ததும், தங்கச் சங்கிலியைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார். மனிதருக்கு என்ன மனசு! அவள் அவரைக் கும்பிட்டுவிட்டு ஓடிவந்தாள். சாமி குப்பை லொறியிலும் வரும் என்று இன்றைக்கும் சொல்வாள்.

சாக்கால் குட்டியைத் தலை முதல் வால் வரை தேய்த்துச் செம்பியின் முன்னே விட்டாள். செம்பி மோந்தது. தலையை ஆட்டிவிட்டு மறுபடி மோந்தது. பிறகு தொண்டைக்குள்ளே மெல்ல முனகிக்கொண்டு நக்கத் தொடங்கியது. குட்டி முட்டி முட்டிக் காம்பைப் பிடித்தது. வால் படபடவென்று ஆடியது.

"தாயே, போதும்" என்று நிரோஷா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

வாசலில் நின்ற சாந்தகுமார் ஆசை தாங்காமல் உள்ளே காலெடுத்து வைத்தார். செம்பி சட்டென்று தலையை உயர்த்திச் சீறியது.

"கிட்ட வராதீங்க! உங்க கையெல்லாம் கொலோன்!"

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டு ஒழுங்கைச் சுவர் வரைக்கும் பின்வாங்கினார். அங்கிருந்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சரி, நான் இங்கயே நிக்கிறேன். நீ பாத்துச் சொல்லு. குடிக்குதா?"

"குடிக்குதுங்க," என்றாள் நிரோஷா. "நல்லாக் குடிக்குது."