ரெக்ஸ் மேல் விழுந்த பழி

வட்டகொடை ஸ்டேசனிலிருந்து நாலு மைல் மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில், ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர் வீட்டு வேலைக்குக் காளியாயி போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயசு. அதுவரை கொழுந்துக்காரிதான். பன்னிரண்டு வயசில் கூடை தூக்கியவள். ஒரு ஆடி மழையில், ஒன்பதாம் நம்பர் மலையில், நிறைகூடையோடு சறுக்கி விழுந்ததில் முழங்கால் போனது. நடக்க வந்தது; சரிவில் நிற்க வரவில்லை. பேக்டரியில் வேலை செய்த அவள் புருஷன் ஆண்டியப்பன், கிளாக்கரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கிளாக்கரின் மனைவிக்கும் ஒரு கையாள் தேவைப்பட்ட நேரம். சரி, வரச் சொல்லு என்றார்கள்.

கிளாக்கர் பேர் றோலண்ட். மனைவி ஐவி. வேதக்காரர்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் கண்டியில் போர்டிங்கில் படித்தார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர், ரெக்ஸ் என்ற நாய், பகலெல்லாம் காளியாயி. அவ்வளவுதான்.

ரெக்சுக்கு அப்போது எட்டு வயசு. பழுப்பு நிறம், முகவாயில் நரை. காலையில் கதவைத் திறந்ததும் தானாகவே எழுந்து, கோழிக்கூட்டைத் தாண்டி, வேலியோரத்துத் தண்ணிக் கான் வரைக்கும் நடந்து போய் ஒதுங்கிவிட்டுத் திரும்பும். மழை கொட்டினாலும் அங்கேதான். வாசல் புல்லில் ஒரு சொட்டு விடாது. "மனுசனுக்கு இல்லாத மானம் இதுக்கு இருக்கு" என்பாள் காளியாயி.

ஐம்பத்தேழாம் வருசம் மாசி முடிகிற சமயம், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் நாய் குட்டி போட்டது. பால்குடி மறந்ததும் அதில் ஒன்றைத் துரை கிளாக்கருக்குக் கொடுத்தார். துரை கொடுத்ததை வேண்டாம் என்று யார் சொல்வது? றோலண்ட் ஐயா அதைக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வெள்ளையில் கறுப்புத் திட்டு; பெட்டைக்குட்டி. டெய்சி என்று பேர் வைத்தார்கள்.

"தின்னதும் வெளிய கொண்டு போ. தூங்கி எந்திரிச்சதும் கொண்டு போ. உள்ள போச்சுன்னா அதுலயே மூக்க வச்சுத் தேச்சு, பேப்பரச் சுருட்டி ஒரு அடி போடு. துரை சொல்லியிருக்காரு" என்று ஐயா காளியாயியிடம் ஒப்படைத்தார்.

மூக்கைத் தேய்க்க அவளுக்கு மனசு வரவில்லை. நாலு பிள்ளை பெற்றவள். காலை நீட்டி உட்கார்ந்து, கைப்பிள்ளையைக் காலில் வைத்து 'உஸ்ஸ்... உஸ்ஸ்...' என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். குட்டியையும் புல்லில் விட்டு அதையே சொன்னாள். அது அவள் சேலை முந்தானையைக் கடித்து இழுத்தது. பட்டாம்பூச்சி பின்னால் ஓடியது. கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே தூக்கி வந்தால், சிவப்புப் பாலிஷ் போட்டுத் தேய்த்த தரையில் நடுவாக உட்கார்ந்து பெய்தது. காளியாயி சாக்கைப் போட்டுத் துடைப்பாள். ஐவி அம்மா பார்த்தாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஐயா கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் துரைசாணி குட்டியைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அன்று காலையிலிருந்தே காளியாயிக்கு வயிறு சரியில்லை. முதல்நாள் பழைய கறியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டது. அடக்கிக்கொண்டே வேலை பார்த்தாள். அடக்குவது அவளுக்குப் புதிசு இல்லை. மலையில் நிற்கிற பொம்பளைகள் கங்காணி கண்ணுக்குத் தப்பி எங்கே போய் ஒதுங்குவது? விடியுமுன் போனால் அப்புறம் பொழுது சாய்ந்துதான். ஆனால் வயிற்றுப்போக்கை எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட கக்கூஸ் இருந்தது. மூணு வருசமாகத் தினமும் அதைக் கழுவிப் பினைல் ஊற்றுகிறவள் அவள்தான். அதில் அவள் போகலாம் என்று யாரும் சொன்னதில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியதில்லை. அவள் குடியிருந்த லயத்துக் கக்கூசுக்குக் கீழே கால் மணி நேரம் இறங்க வேண்டும். அதற்கும் கதவு இல்லை. தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கி வைத்துவிட்டு, குட்டிக்குப் பாலும் சோறும் வைத்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் மானாப்புல்லுக்குள் ஓடினாள். ஒருமுறை போனால் தீரவில்லை. எழுந்தால் மறுபடியும் பிடித்துக்கொண்டது.

அவள் ஓடையில் கால் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது முன்ஹாலில் பேச்சு நின்றிருந்தது. துரைசாணி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சப்பாத்தின் அடி நனைந்திருந்தது. கம்பளத்தில் சின்னதாக ஒரு ஈரம். றோலண்ட் ஐயாவின் முகம் சிவந்து கிடந்தது.

"எங்க போயிருந்த? கவனிக்கத்தானே உன்ன வச்சிருக்கு?"

காளியாயியின் காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. வாய் திறந்தது. 'வயித்தால போகுதுங்க ஐயா, புல்லுக்குள்ள குந்தியிருந்தேன்' என்று அந்த வெள்ளைக்காரச் சீமாட்டி முன்னால், கேக்கும் கோப்பையும் வைத்த மேசை முன்னால் எப்படிச் சொல்வாள்? வேறு வார்த்தை வந்தது.

"குட்டி இல்லீங்க ஐயா. குட்டிய நான் அப்பவே வெளிய கொண்டு போயி வந்துட்டேன். இது ரெக்சுங்க. வயசாயிருச்சில்லீங்களா..."

அடுப்பங்கரை வாசலில் படுத்திருந்த ரெக்ஸ் தன் பேரைக் கேட்டுத் தலையைத் தூக்கி, வாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டியது.

ஐயாவின் முகம் தெளிந்தது. துரை கொடுத்த குட்டி தப்புப் பண்ணவில்லை. இங்கிலீசில் துரைசாணிக்குச் சொன்னார். அவளும் 'பாவம்' என்கிற மாதிரி ரெக்சைப் பார்த்து ஏதோ சொன்னாள். ஐவி அம்மா மட்டும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தார். காளியாயியைக் கூப்பிடாமல் தானே துணி எடுத்து வந்து துடைத்தார்.

ஒரு தடவை சொன்ன பொய்தான். அதற்கப்புறம் காளியாயி பொய் சொல்லவே தேவைப்படவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமாக இருந்தது. எங்கே ஈரம் கண்டாலும் ஐயா ரெக்சைத்தான் தேடினார். பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்து முதல் அடி போட்டபோது ரெக்ஸ் திரும்பித் தன் பின்னால் பார்த்தது, வேறு யாரையோ அடிக்கிறார்கள் என்பதுபோல. அந்த வீட்டில் அது அடி வாங்கியதே இல்லை. காளியாயி கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குட்டி அவள் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தது.

ஆனி பிறந்ததும், "இனி இது உள்ள வேணாம்" என்று ஐயா ரெக்சைப் பின்னால் விறகுக் காம்பராவில் கட்டினார். ஒரு பக்கம் சுவரே இல்லாத கொட்டில் அது. தென்மேற்கு மழை சாய்ந்து அடிக்கிற காலம். காளியாயி ஒரு சாக்குப் படங்கை எடுத்துப் போய் அதன் கீழே விரித்தாள். அது அவள் கையை நக்கியது. அவளுக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது.

மறுநாள் சாப்பாடு வைக்கப் போனாள். முதல்நாள் சோறு அப்படியே இருந்தது. ரெக்ஸ் எழுந்து நின்றபடி நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்தாள். பின்னங்கால்களை நெருக்கி வைத்துக்கொண்டு, கயிறு இழுக்கிற மட்டும் வேலிப்பக்கம் போய், திரும்பி, மறுபடியும் போயிற்று. இரவு மழை இல்லை; படங்கு காய்ந்து கிடந்தது. தரையும் அப்படியே. நேற்றுப் பகலிலிருந்து அது ஒதுங்கவில்லை. படுக்கிற இடத்தை அசுத்தம் பண்ண மனமில்லாமல் அடக்கிக்கொண்டு நிற்கிறது.

அந்த நிலை காளியாயிக்குத் தெரியாதா? வயிறு கல்லாக, காலைப் பின்னிக்கொண்டு, கூடையோடு வரிசையில் நின்ற எத்தனை பகல்! அவளுக்கு முகம் எரிந்தது. கயிற்றை அவிழ்த்தாள். ரெக்ஸ் ஓடவில்லை, நொண்டி நொண்டிக் கோழிக்கூட்டைத் தாண்டிக் கான் வரைக்கும் போய்த்தான் நின்றது. நெடுநேரம் நின்றது.

அடுப்பங்கரைக் கதவு திறந்திருந்ததால் குட்டியும் பின்னாலேயே ஓடி வந்துவிட்டது. ரெக்ஸ் நின்ற இடத்தை முகர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. அங்கேயே உட்கார்ந்து பெய்தது.

அன்றிலிருந்து ஐயா ஆபீசுக்குப் போனதும் காளியாயி ரெக்சை அவிழ்ப்பாள். குட்டி தின்றதும் ஒரு தடவை, தூங்கி எழுந்ததும் ஒரு தடவை. கிழநாய் முன்னே, குட்டி பின்னே, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு இவள். ஐயா வரும் நேரம் பார்த்து மறுபடி கட்டிவிடுவாள். இரண்டு வாரத்தில் குட்டி தானாகவே கதவைச் சுரண்டத் தொடங்கியது. ஹாலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பாத்தியா?" என்றார் ஐயா மனைவியிடம். "கெழட்டு நாய வெளிய போட்டதும் வீடு சுத்தமாயிருச்சு." பிறகு காளியாயியைக் கூப்பிட்டார். "நீ கெட்டிக்காரி. குட்டிய நல்லாப் பழக்கிட்டன்னு துரைகிட்டச் சொன்னேன். அவரே மெச்சிக்கிட்டாரு."

முப்பத்தொன்பது வருசத்தில் ஒரு துரை அவளை மெச்சியது அதுதான் முதல் தடவை. அடுப்பங்கரைக்குள் போய் நின்றாள். கொட்டிலிலிருந்து ரெக்ஸ் இருமுகிற சத்தம் கேட்டது. ஈரத்தில் படுத்துப் படுத்து நெஞ்சில் சளி கட்டியிருந்தது.

மறுநாள் காலை ஐவி அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காளியாயி எதிரே தரையில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னிக்குத் துரைசாணி வந்தப்ப... அது ரெக்சு இல்லீங்க."

ஐவி அம்மாவின் கை நிற்கவில்லை. "தெரியும்."

காளியாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ஈரம் உள்ளங்கை அகலம். ரெக்ஸ் போனா அப்படியா இருக்கும்? பாத்ததுமே தெரிஞ்சது." கீரைக்காம்பை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தார். "துரை குடுத்த குட்டின்னு இவருக்குப் பெருமை. அவங்க முன்னால நான் வாயத் தெறந்தா இவருக்குத் தலகுனிவு. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன். பதினோரு வருசம் எங்க வீட்டுல வளந்த நாய் அது, காளியாயி. குட்டியா இருந்தப்ப என் மடியிலதான் கெடந்துச்சு."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆய்ந்த கீரையைச் சட்டியில் போட்டுவிட்டு அம்மா கேட்டார். "நீ ஏன் அப்படிச் சொன்ன? நீ பொய் சொல்றவ இல்லையே. அந்நேரம் எங்கதான் போயிருந்த?"

சொல்ல வேண்டியதாயிற்று. தலையைக் குனிந்துகொண்டு, வயிறு, மானாப்புல், ஓடை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் பொய் சொன்னதை ஒத்துக்கொண்டபோது இருந்ததைவிடக் கூச்சமாக இருந்தது.

ஐவி அம்மா கீரைச் சட்டியைத் தள்ளி வைத்தார். "பின்னாலதான் கக்கூஸ் இருக்கே" என்றார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே உறைத்திருக்க வேண்டும். மூணு வருசத்தில் ஒரு நாளும் சொல்லவில்லை என்பது. முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது. "இனிமே அங்கயே போ. நான் யோசிக்காமப் போயிட்டேன்."

"சரிங்கம்மா."

அன்று சாயங்காலமே ரெக்ஸ் உள்ளே வந்தது. ஐயாவிடம் அம்மா என்ன சொன்னார் என்பது காளியாயிக்குத் தெரியாது. மிருக வைத்தியர் கொடுத்த மருந்தில் நாய்க்கு வீட்டுக்குள் பெய்கிற கோளாறு சரியாகிவிட்டது என்று ஐயா பிற்பாடு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை அவர் வரைக்கும் போகவில்லை. இருமலுக்குத்தான் மருந்து, அதுவும் கேட்கவில்லை.

கக்கூசுக்குள் போகக் காளியாயிக்குப் பத்து நாள் ஆயிற்று. கழுவப் போகிறவள் மாதிரி வாளியோடுதான் போனாள். தாழ்ப்பாள் போட்டுவிட்டு நின்றால், யாரோ திருட்டைப் பிடிக்க வருகிறார்கள் என்பதுபோல நெஞ்சு அடித்தது.

ரெக்ஸ் தை மாதம் வரை இருந்தது. கடைசி வாரம் அதனால் கான் வரைக்கும் நடக்க முடியவில்லை. காளியாயி தூக்கிக்கொண்டு போனாள். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. அவள் தூக்கும்போதெல்லாம் அது வாலை ஆட்டியது. கோபப்பட்டு ஒரு தடவை உறுமியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு தோட்டத்தில் அவளுக்கு ஒரு பேர் வந்துவிட்டது. பேக்டரி டீமேக்கர் வீட்டில் குட்டி வந்தாலும், சின்னத்துரை பங்களாவில் வந்தாலும், "காளியாயியக் கூப்பிடு, அவ பழக்கிருவா" என்றார்கள். போவாள். "நான் ஒண்ணும் பண்ணலீங்க, எங்க வீட்டுப் பெரிய நாயிதான் பழக்குச்சு" என்பாள். அடக்கமான பொம்பளை என்று மெச்சுவார்கள். மேற்கொண்டு சொல்ல அவளுக்கு நா எழாது. ஆண்டியப்பனிடம்கூடச் சொன்னதில்லை.

அறுபத்து மூன்றில் றோலண்ட் ஐயா பென்சன் வாங்கிக் கண்டிக்குப் போனார். வட்டகொடை ஸ்டேசன் வரை காளியாயி மூட்டை தூக்கிக்கொண்டு போனாள். ரயில் வரும்போது ஐவி அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். காளியாயியும் ஏதோ சொல்ல நினைத்தாள். ரெக்ஸ் விசயத்தைத்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "உடம்பப் பாத்துக்க" என்றார் அம்மா. "நீங்களும் பாத்துக்கங்கம்மா" என்றாள் இவள்.

ரயில் போன பிறகு நாலு மைலும் தனியாக ஏறி வந்தாள்.