பட்டுத்துணி போர்த்திய புரோக்ஸி

என் மனைவி நவமணி சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் கணினிகளைப் பராமரிக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் சம்பளத்துக்கு. சனிக்கிழமை மெர்போக் ரப்பர் தோட்ட மண்டபத்தில் சும்மா. சும்மா செய்கிற வேலைக்குத்தான் உயிரை விடுவாள். எனக்கு அது எரிச்சல், அது அவளுக்கும் தெரியும்.

மண்டபத்தின் பின்னறையில் பன்னிரண்டு பழைய கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ். இணையமோ ஒரு சிம் கார்டு மோடத்தில் தள்ளாடி வருகிறது. பன்னிரண்டும் சேர்ந்து மென்பொருள் இறக்கினால் படுத்துவிடும். அதனால் ஒரு சின்னப் பெட்டியைப் புரோக்ஸியாக வைத்தாள். அது ஒரு மென்பொருளை ஒருமுறை இறக்கிச் சேமித்துக்கொள்ளும், மற்றவை அதனிடம் வாங்கிக்கொள்ளும். மண்டபத்து மகளிர் தலைவி பாப்பம்மா கேட்டபோது, "இதுதான்க்கா எல்லாத்துக்கும் சோறு போடுது" என்று விளக்கினாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை மண்டபக் கமிட்டி வந்து பார்க்கும். பன்னிரண்டும் புது மென்பொருளோடு ஓடினால் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடரும். இல்லையென்றால் அறை பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு.

தேவையானதை எல்லாம் நவமணி முந்தின நாளே பெட்டியில் இறக்கி வைத்திருந்தாள். பூஜையன்று பிற்பகல் போய் உட்கார்ந்தால் பன்னிரண்டும் ஒரே பாட்டு: புரோக்ஸியோடு இணைய முடியவில்லை. முகவரி சரி, போர்ட் எண் சரி. அமைப்புக் கோப்பை வரி வரியாகப் படித்தாள். ஒரு மணி நேரம் போயிற்று.

"பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்" என்றேன்.

மேசைக்கடியில் குனிந்தாள். பெட்டியைக் காணோம்.

அது முன்கூடத்தில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், புத்தகங்களுக்கும் பால்மரம் வெட்டும் கத்திகளுக்கும் நடுவே, பட்டுத்துணி சுற்றிச் சந்தனம் குங்குமத்தோடு வீற்றிருந்தது.

"சோறு போடறது அதானே, அதான் தூக்கியாந்தேன்" என்றார் பாப்பம்மா. "மறுபூஜ முடியற வரைக்கும் கை வெக்கக்கூடாது லா."

"நாளைக்குப் பத்து மணிக்குக் கமிட்டி வருதுக்கா."

"மறுபூஜ பதினொண்ணுக்கு."

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அடுத்தவர் பூஜையில் கை வைப்பதில்லை. நவமணி பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். அதன் இரண்டு வயர்களும் பட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

"கைதானே வெக்கக்கூடாது? வயர தொடலாமாக்கா?"

பாப்பம்மா நன்றாக யோசித்தார். "வயரு பரவால்ல."

பின்னறையிலிருந்து கேபிள் இழுத்து ஒரு வயரோடு ஒட்டுப் போட்டு, இன்னொன்றைச் சுவரில் செருகியது நான். மின்சாரம் வந்தால் தானாகவே ஓடும்படி பெட்டியை அவள் எப்போதோ அமைத்திருந்தாள், இடிமழைக்குப் பயந்து. சுவர் ஸ்விட்சைத் தட்டியதும் பட்டுக்குள் பச்சை விளக்கு மினுக்கியது. பாப்பம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்று கணினிகள் முடிந்தன. நாலாவதில் எல்லாம் நின்றது. பட்டுக்குள் வெந்து பெட்டி அணைந்துவிட்டது.

"துணிய எடுக்கலாமா?"

"சாமிக்கிட்ட சாத்துனத எடுக்கறதா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப உக்காந்து விசிறுங்கக்கா" என்றேன், குத்தலாகத்தான். அவர் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. மேசை விசிறி சாமி விளக்கை அணைத்துவிடும் என்று பனையோலை விசிறியோடு பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டார். அது சூடு ஆறியதும் நான் ஸ்விட்சைத் தட்டினேன். மூன்று மணி நேரம், கை மாற்றி மாற்றி, வெற்றிலைகூடப் போடாமல் விசிறினார். பன்னிரண்டாவது கணினி முடிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் கமிட்டி பார்த்தது, தலையாட்டியது. நாற்காலிகள் கழிவறைப் பக்கம் போயின. பாப்பம்மாவால் காபிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை.

ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் நவமணி எழுந்தாள். "வகுப்பு நிக்கிற மாதிரி இருந்திச்சு. ஒரு அக்கா மூணு மணி நேரம் விசிறிக் காப்பாத்தினாங்க. அவங்களுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். 

பாஸ்டருக்கு மனம் நிறைந்தது. "அந்தச் சகோதரி எந்தச் சபைம்மா?"

"மாரியம்மன் கோயில், பாஸ்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, ஆமென் என்றார்.