பத்து கிலோ என்று எழுதியிருந்தது

சூசைநாதன் முப்பத்தோரு வருஷமாக லாரிகளை எடை போட்டவர். வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டு போகும் விழுப்புரம் சாலையில் ஒரு தனியார் எடைமேடையில் வேலை. கரும்பு, நெல், ஜல்லி, பழைய இரும்பு, எதுவானாலும் அவருடைய கண்ணாடி ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். கரும்புக் கட்டுக்கு நடுவில் கல் வைத்தவர்களைப் பிடித்திருக்கிறார். வெறும் வண்டியை எடை போடும்போது கீழே இறங்கி நின்றுவிட்டு, சுமையோடு வரும்போது கிளீனரையும் ஏற்றிக்கொண்டு வந்த டிரைவர்களைப் பிடித்திருக்கிறார். லோடின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர் அவருடைய சொந்த மைத்துனர். சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

ஆனால் அந்தச் சந்தேகத்தை அவர் மேடையிலேயே விட்டுவிட்டு வரவில்லை. மனைவி விஜயராணி போனில் சிரித்தால், யார் என்று கேட்பார். திருபுவனை வீட்டில் படுப்பதற்கு முன்பு தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அப்படியும் தூக்கம் வராது.

ஐம்பத்தேழாவது வயதில் அவருடைய உடம்பே அவரை ஏமாற்ற ஆரம்பித்தது. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை நோய். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. தொடை வற்றிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் முழங்கால் போட்டவரால் எழுந்திருக்க முடியவில்லை. பெஞ்சைப் பிடித்தும் முடியவில்லை. பின்னால் இருந்த இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். வெளியே வந்ததும் அவர் விஜயராணியிடம் கேட்டார்:

"சாப்பாட்டுல எதுனா கொறைக்கிறியா?"

"கொறைக்கிறேன். உங்க வாயைத்தான் கொறைக்க முடியல" என்றாள் அவள். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் அவரைப் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே வெண்ணிலா என்ற பெண் ஒரு நாற்காலியைக் காட்டி, கையை மார்பில் கட்டிக்கொண்டு அரை நிமிஷம் எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். ஆறு தடவைக்கு மேல் முடியவில்லை.

"பதினாலு தடவையாவது வரணும் ஐயா. தசை கரைஞ்சிக்கினே போவுது. நாம சாப்புடுற சர்க்கரையில பெரும்பங்கை இழுத்துக்கிறது தசைதான். வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் வெயிட் தூக்குங்க."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான் கண்டிப்பாத் தேவை. தூக்கமும் வரும், மனசும் கொஞ்சம் அடங்கும்."

சூசைநாதனுக்கு விஷயம் புரிந்துவிட்டது போலிருந்தது: ஏதோ ஜிம்மில் இவளுக்குக் கமிஷன். "எந்த ஜிம்முன்னு நீயே சொல்லிடுமா" என்றார், மடக்குகிற மாதிரி.

"எந்த ஜிம்மா இருந்தா இன்னா? வூட்ல தண்ணி கேனை வச்சிக்கூட ஆரம்பிக்கலாம். ஈசிஜி மட்டும் எடுத்துக் காட்டிட்டுப் போங்க. மாத்திரையை நிறுத்திடாதீங்க."

அவள் எந்த ஜிம்மின் பெயரையும் சொல்லாதது அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

மதகடிப்பட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேலே அன்புராஜின் ஜிம் இருந்தது. ஈசிஜி சரியாக இருந்ததால் விஜயராணி அங்கே சேர்த்துவிட்டாள். அன்புராஜுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சுவர் அலமாரியில் பவுடர் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. சூசைநாதன் முதலில் பார்த்தது அவற்றைத்தான். "அதெல்லாம் எனக்கு வாணாம்" என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

"உங்களுக்கு யாரு சார் குடுத்தாங்க? மொத இந்த இரும்புத் தட்டைத் தரையிலேருந்து எடுத்துப் பாருங்க. முதுகை வளைக்காதீங்க, இடுப்பை மடக்குங்க."

சூசைநாதன் எடுத்தார். நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தட்டின் மேலே எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார்.

"தம்பி, இது பத்து கிலோ இல்ல."

"சார், அதுலயே போட்டிருக்குது."

"லாரியிலயும்தான் இன்னான்னாவோ எழுதியிருக்கும்."

அன்புராஜுக்குக் கோபம் வந்தது. நிறுத்துப் பார்த்துவிடலாம் என்று அவனே தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். எடைமேடை பத்து கிலோவுக்குக் கீழே அசையாது என்பதால், எதிரே பலராமனின் தவிட்டுக் கடைக்குப் போனார்கள். எலக்ட்ரானிக் தராசு எட்டு கிலோ எழுநூறு கிராம் காட்டியது. அதன் ஜோடித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது பத்து கிலோ நானூறு.

சூசைநாதன் அன்புராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்ட டிரைவர்களின் முகம் அவருக்குத் தெரியும். இது அந்த முகமாக இல்லை. மூடிப்போன ஒரு ஜிம்மிலிருந்து மொத்தமாக வாங்கிய பழைய சாமான் இது என்றான் அன்புராஜ்.

"வலது தோள்பட்டை வலிக்குதுன்னு நாலு பேரு சொன்னாங்க சார். சரியாப் புடிக்கலன்னு அவங்களத்தான் திட்டினேன்."

அன்று சாயங்காலம் வரை இருவரும் முப்பத்தெட்டுத் தட்டுகளை நிறுத்தார்கள். சூசைநாதன் ஒவ்வொன்றின் மேலும் உண்மையான எடையை வெள்ளைப் பெயின்டால் எழுதினார். சமமானவற்றை ஜோடி சேர்த்தார்கள். சேராதவற்றை அன்புராஜ் ஓரமாகப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஜிம்முக்குப் போக சூசைநாதனை யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. அங்கிருந்த எடைகள் இப்போது அவருடையவை.

திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரைக்குப் போவார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தலைக்கு மேலே தள்ளுவது. முதல் வாரம் தொடை வலியில் கழிவறையில் உட்காரவே முடியவில்லை. மெள்ள மெள்ளத்தான் ஏற்ற வேண்டும் என்று அன்புராஜ் அடிக்கடி கையைப் பிடித்து நிறுத்தினான். இரண்டு மாதம் போனது. ஒருநாள், முன்பு மூச்சுத் திணறத் தூக்கிய இருபது கிலோ சும்மா மேலே வந்துவிட்டது. சூசைநாதன் அதைக் கீழே வைத்துவிட்டு அன்புராஜை ஏற இறங்கப் பார்த்தார்.

"தட்டை மாத்திட்டியா?"

"சார், உங்க கையெழுத்துதான சார் அது!"

அதையும் நம்பாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு தவிட்டுக் கடைக்குப் போனார். பலராமன் தராசிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டுக் கேட்டார்: "இன்னா சூசை, இரும்பு எளைச்சிப் போச்சான்னு பாக்க வந்தியா?"

இரும்பு இளைக்கவில்லை. பெயின்டில் எழுதியிருந்தபடி அதே எடை. தராசு சரியாக இருக்கிறதா என்று எடைக்கல்லை வைத்தும் பார்த்துவிட்டார். பிறகு கடை வாசலில் நின்று தன்னுடைய முன்கையை இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தார். யாரோ தெரியாத ஆளின் கையைப் பிடித்தது போல இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் கணக்கு அவருக்குச் சாதகமாகத் தப்பியது அன்றுதான்.

ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பது புள்ளி ஒன்றிலிருந்து ஏழு புள்ளி நாலுக்கு இறங்கியது. அந்த லேப் சரியில்லை என்று வில்லியனூரில் இன்னொரு லேப்புக்குப் போனார். அங்கே ஏழு புள்ளி மூன்று. படுத்தவுடன் தூக்கம் வர ஆரம்பித்தது. விஜயராணி ஒருநாள் அரைமணி நேரம் தங்கையோடு போனில் பேசிச் சிரித்தாள். அவர் யாரென்று கேட்கவில்லை. செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டு ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தார்.

இப்போது சந்தேகம் விஜயராணிக்கு வந்தது. ஆள் சட்டையைத் தேய்த்துப் போடுகிறார், எரிந்து விழுவதில்லை, தானாகச் சிரிக்கிறார். அடுத்த புதன்கிழமை அவருக்குப் பின்னாலேயே பஸ் ஏறி மதகடிப்பட்டில் இறங்கினாள். மாடிப்படி ஏறிப் பார்த்தபோது, தன் புருஷன் வியர்த்து ஒழுக ஒரு இரும்புக் கம்பியோடு மல்லுக்கட்டுவதையும், பக்கத்தில் வெயிட் தூக்க வந்த இரண்டு போலீஸ்காரர்கள் நிற்பதையும் கண்டாள். பொம்பளை என்று பார்த்தால் தையலம்மாள் டீச்சர் ஒருத்திதான். அவருக்கும் அறுபதுக்கு மேல்.

"நீ இன்னா இங்க?" என்றார் சூசைநாதன்.

"சும்மா, பாக்கலாம்னு."

அவளும் எடுத்துப் பார்க்கட்டும் என்றான் அன்புராஜ். விஜயராணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இருபது கிலோ கம்பியைத் தவலைத் தண்ணீரைத் தூக்குகிற மாதிரி ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினாள். தையலம்மாள் டீச்சர் கை தட்டினார்.

சூசைநாதன் அவளை உற்றுப் பார்த்தார். "எங்கனா போயி பழகிட்டு வந்தியா?"

"முப்பது வருஷமா உங்க வூட்லதான்" என்றாள் விஜயராணி. கம்பியைக் கீழே வைக்கும்போது மட்டும் அவளுடைய முழங்கால் வலித்தது. அதை அவள் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அன்புராஜ் கவனித்துவிட்டுக் கேட்டான், அவள் சொன்னாள். அடுத்த வாரம் வெண்ணிலாவிடம் காட்டினார்கள். அதிலிருந்து இருவரும் ஜிம்முக்கு ஒரே பஸ்ஸில் போகிறார்கள்.