முந்தியைத் தொலைத்த மத்தியானம்

அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த விசைத்தறிக் கம்பெனியில், ஒரு செவ்வாய்க்கிழமை முந்தியே இல்லாமல் ஒரு சேலை நெய்து இறங்கியது. தறிக்கு டிசைன் அனுப்பும் புரோகிராமை எழுதியவள் ஜெபமணி. பரளச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் பெண், சேர்ந்து இரண்டு மாதம். மூன்றாம் மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அவளுக்கு ஒரு வழக்கம். புரோகிராம் எழுதும் எடிட்டரில் நூறு வரியை மடித்து ஒரே வரியாகக் காட்டும் வசதி உண்டு. மடிப்பு தொடங்கும் இடத்துக்கு அடையாளமாக மற்றவர்கள் அடைப்புக்குறி ஏதாவது போடுவார்கள். இவள் கமென்டில், அதாவது கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு வரியில், சேலையின் பாகங்களையே போட்டாள்: //உடல், //கரை, //முந்தி. எடிட்டரும் சொன்ன பேச்சைக் கேட்டு அங்கங்கே மடித்துக்கொண்டது.

அதற்கு முந்தின நாள் மத்தியானம், அவளுடைய ஃபைலைச் சரிபார்க்க உட்கார்ந்திருந்தேன்; சாப்பிட்ட மயக்கம். சன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. தறிச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. திரையில் மடிப்புகள் அலமாரிச் சேலைகள் மாதிரி அடுக்கி இருந்தன. பாதித் தூக்கத்தில் //முந்தி கண்ணில் பட்டது. எங்கள் ஊர்ப் பேச்சில் முந்தி என்றால் முன்பு. பழைய குறிப்பு போலிருக்கிறது என்று அந்த ஒரு வரியை அழித்து, சேமித்து, மூடிவிட்டேன். மடித்த வரியை அழித்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். முப்பது வருஷ சர்வீஸ், புத்தி எங்கே மேயப் போனதோ!

“முந்தி எங்கம்மா? இத எப்படிக் கட்டுவாக?” செவ்வாய்க்கிழமை முதலாளி சேலையோடு ஜெபமணி முன்னால் வந்து நின்றார். “நீ சரிப்பட மாட்ட. நாளையிலருந்து வர வேணாம்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜெபமணி ஃபைலைத் திறந்தாள். “இருந்துச்சு சார். என் முந்தி மடிப்பையே காணோம்.” கண் நிறைந்துவிட்டது.

வாயைத் திறக்காவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

“நான்தான் அழிச்சேன் முதலாளி. பழசுன்னு நெனச்சுட்டேன்.”

“என்ன சார் நீங்க! சேலக் கம்பெனியில இருந்துக்கிட்டு முந்தி தெரியலயா?” தலையில் அடித்துக்கொண்டார். “நீ இரும்மா. இவுகளயும் கொஞ்சம் பாத்துக்க.”

அவளுடைய லேப்டாப்பில் ஒரு பிரதி இருந்ததால் முந்தி திரும்பக் கிடைத்தது. மடித்திருப்பது எதுவானாலும், விரித்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள் தம்பிகளே, தங்கச்சிகளே. நான் கற்றது அவ்வளவுதான்.

மறுநாள் ஃபைலைத் திறந்தேன். மடிப்பின் மேல் வரியை மாற்றி எழுதியிருந்தாள்:

//முந்தி – சேலையோடது. தூக்கம் வந்தா தொடாதீக சார்.