பாகீரதி மேடத்தின் சுத்தியல்

ரயில் சான்பாடா நிலையத்தைத் தாண்டும்போது செய்தி வந்தது. பாகீரதி மேடம் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார் அவர் தம்பி. நான் நம்பவில்லை. அவரை அறிந்திருந்தால் நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள். சத்தமில்லாமல் போகக்கூடியவரா அவர்?

எங்கள் கல்லூரியில் அவர் தாவரவியல் கற்பித்தார், நான் பொருளாதாரம். ஒருநாள் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில், மரத்தில் அடித்திருந்த டியூஷன் விளம்பரத் தகட்டைச் சுத்தியலால் நெம்பிக்கொண்டிருந்தார். தகட்டுக்காரன் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினான். மேடம் ஆணி நீட்டிக்கொண்டிருந்த தகட்டை அவன் மார்பில் வைத்து அழுத்தினார்.

"உன் நெஞ்சுல மாட்டிக்கோ. நானே அடிச்சுத் தரேன், வா."

சட்டையில் ரத்தம் துளிர்த்தது. அவன் ஓடிவிட்டான். மரத்துக்கு வலிக்குமா என்று கேட்டேன்.

"வலிக்காது. நேக்குத்தான் பத்திண்டு வரது."

அந்தப் பதிலுக்காகவே அவரோடு பழகினேன்.

மாட்டுங்காவில் அவர் வீட்டு வாசலில், கொக்குகள் கூடு கட்டும் தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. மரத்தை வெட்டுவதற்கு முன் அதன் மேலேயே மாநகராட்சி அறிவிப்பு வைக்க வேண்டும். ஆட்சேபம் எழுத மக்களுக்கு அவகாசம் தர வேண்டும். இது மேடம் எங்களுக்கு ஓயாமல் சொன்ன விதி.

ஒரு காலை ரம்பச் சத்தம் கேட்டு அவர் இறங்கி ஓடினார். அவர் கூப்பிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது கிளைகள் தெருவை மூடியிருந்தன. கொக்குக் குஞ்சுகள் தாரில் விழுந்து சிதறிக்கொண்டிருந்தன. மரத்தின் மேலே ரம்பத்தோடு இருந்த தாராவித் தமிழர் கத்தினார்: "யக்கா, கீழ நிக்காதீய! தல பொளந்துரும்!"

கீழே நின்று வேலையை மேற்பார்த்தவனின் விரல்களில் மேடம் சுத்தியலை இறக்கினார். அவன் மறு கையால் அறைந்தான். அவர் உதடு கிழிந்தது. "நோட்டீஸ் போட்டோம் மேடம்! ஒருத்தரும் எழுதலை!" என்று கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். படத்தில் அதே மரம். ஆணியடித்த வெள்ளைத் தாள்.

வெட்டுண்டு கிடந்த கிளைமேல் மேடம் உட்கார்ந்துவிட்டார்.

"இதை நான்தான்டி பிடுங்கினேன். ஆணியைப் பார்த்தேன், விளம்பரம்னு கிழிச்சுப் போட்டேன். படிக்கவே இல்லை."

காவல் நிலையத்திலும் அதையே சொன்னார். குறைத்துச் சொல்லவில்லை.

அதன் பிறகும் ஆணி பிடுங்குவதை நிறுத்தவில்லை. ஆனால் தாளை முதலில் படிப்பார். அறிவிப்பாக இருந்தால் அதே மரத்தில் சணல் கயிற்றால் கட்டிவிட்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் மறிப்பார்: "படிச்சுட்டுப் போ! வெட்டினப்புறம் வந்து ஒப்பாரி வைக்காதே!"

சுத்தியலை அவர் தம்பி எனக்குக் கொடுத்தார். மரத்துக்கு உணர்ச்சி உண்டு என்று நான் இன்றும் நம்பவில்லை. நேற்று செம்பூரில் என் தெரு அரசமரத்தில் ஒரு தாளை ஆணியடித்திருந்தார்கள். படித்தேன். மரம் வெட்டும் அறிவிப்பு. ஆணியைப் பிடுங்கினேன். தாளைக் கயிற்றால் கட்டினேன். பார்க்காததுபோல் ஒருவர் கடந்து போனார்.

வாழ்க்கையில் முதல்முறையாக, முன்பின் தெரியாத ஒருவரின் சட்டையைப் பிடித்தேன்.

"படிச்சிட்டுப் போங்க" என்றேன்.